சிகரெட் பிடிப்பவருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 53. 30 ஆண்டுகளாக தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறேன். நுரையீரலுக்கு நல்லது என்று மைத்துனர் வெளிநாட்டிலிருந்து பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கி வந்தார். ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம். காரட்டில் உள்ள சத்துதானே, தொடரலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மைத்துனர் அன்போடுதான் வாங்கி வந்திருக்கிறார். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அவரைப் போலத்தான் நம்பினார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்டு, அதற்குக் காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கலாம் என்று எண்ணினார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்தார்கள். தினமும் கொடுத்த அளவு, உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே 20 மில்லிகிராம். 1994-இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 30 மில்லிகிராமுடன் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் 28 சதவீதம் அதிகரித்ததால், 1996 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

புகை படிந்த நுரையீரலில் இந்தச் சத்து சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. செல்கள் கட்டுக்குள் வளர வைட்டமின் ஏ செய்யும் வேலையை அப்பொருள்கள் கெடுக்கின்றன என்று விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன.

காரட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். காரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமைத்தால் சத்து நன்றாகச் சேரும். உணவில் அது நார்ச்சத்தோடும் வேறு பல சத்துகளோடும் கலந்து, மெல்ல மெல்ல உடலில் சேர்கிறது. தனியாகப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்குவதில்தான் ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதுமையில் விழித்திரை தேய்வதற்குக் கொடுக்கும் சில கண் மாத்திரைகளிலும் பீட்டா கரோட்டின் உண்டு. சிகரெட்டை விட்டவர்களுக்குக்கூட அது ஏற்றதல்ல. அதற்குப் பதிலாக லூட்டின், சியாசாந்தின் என்ற வேறு சத்துகள் சேர்த்த மாத்திரைகள் கிடைக்கின்றன. கண் மருத்துவரிடம் போனால் உங்கள் புகைப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் நுரையீரலைக் காக்கும் வழி சிகரெட்டை விடுவதுதான். 53 வயதில் விட்டாலும் பலன் உண்டு. 30 ஆண்டுப் பழக்கத்தை மன உறுதியால் மட்டும் விடுவது மிகக் கடினம், அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் என்று உதவிகள் இருக்கின்றன. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கும், கூப்பிட்டுப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.