400 யூரோவுக்கு ஜெர்மனியில் ஆம்ப்: வாடகை வீட்டுக்கு எதைப் பார்த்து வாங்குவது

தம்பி, ஷ்டுட்கார்ட் வந்து வீடும் கிடைத்து, ஒரு ஜோடி பழைய கான்டன் ஸ்பீக்கரும் வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததில் சந்தோஷம். 400 யூரோவுக்குள் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டும், கடைக்காரர் 100 வாட்டுக்குக் குறையக் கூடாது என்கிறார், இணையத்தில் உள்ளங்கை அளவு சீனப் பெட்டி 300 வாட் என்கிறது, ஊரில் அப்பாவின் ஆம்ப் சும்மா கிடக்கிறது, அதைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம் வாடகை வீடுகளிலேயே பல வருடங்களாக ஸ்டீரியோ வைத்துக் கேட்பவன். வாட் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். இங்கே நீங்கள் பாட்டுக் கேட்கப்போகும் நேரத்தில் பெரும்பகுதி மெதுவான சத்தத்தில்தான் போகும், அந்தச் சத்தத்தில் எந்த ஆம்ப் நன்றாகப் பாடும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஏன் என்றால், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை நாஹ்ட்ரூஹே, அதாவது சத்தமே வெளியே கேட்கக் கூடாத நேரம். ஞாயிறும் விடுமுறை நாளும் முழுக்க அமைதி நாள். பல கட்டடங்களின் ஹவுஸ்ஓர்ட்நுங்கில், அதாவது குடியிருப்பு விதிகளில், மதியத்துக்கும் ஒரு அமைதி நேரம் எழுதியிருக்கும், வாடகை ஒப்பந்தத்தோடு கொடுத்த தாள்களில் தேடிப் பாருங்கள். இந்த நேரங்களில் பாட்டே கேட்கக் கூடாது என்று இல்லை, ஆனால் உங்கள் அறைக்குள் மட்டும் கேட்கும் அளவில் இருக்க வேண்டும், அதைத்தான் இவர்கள் சிம்மர்லாவுட்ஷ்டெர்கே என்பார்கள். வேலை முடிந்து வந்து சமைத்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் உங்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த நேரம்தான்.

கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் தரும். பேச்சுக் குரல் அளவு என்றால் 60 டெசிபலை ஒட்டி. அந்த அளவில் சராசரியாக ஆம்ப் கொடுப்பது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, தவில் அடி மாதிரி திடீரென எழும் இடங்களில்தான் ஒரு வாட்டை எட்டிப் பார்க்கும். 40 வாட்டிலிருந்து 80 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவுதான், இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 1978ல் வந்த என்ஏடி 3020 ஆம்ப் தாளில் வெறும் 20 வாட், அதை இன்னும் தேடி வாங்குகிறார்கள். 30, 40 வாட் நேர்மையாகக் கொடுக்கும் ஆம்ப் உங்கள் அறைக்குத் தாராளம்.

மெதுவாகக் கேட்கும்போது வரும் சிக்கல்கள் வேறு. முதலாவது நம் காது. சத்தம் குறையக் குறைய தாழ்ந்த ஒலிகள் நமக்கு மற்றவற்றைவிட வேகமாக மறையும், 1933லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். கச்சேரிப் பதிவை மெதுவாக வைத்தால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும், தொப்பியின் கும்கி காணாமல் போய்விடும். அதற்குத்தான் லவுட்னஸ், மெதுவான சத்தத்தில் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் வசதி. சில ஆம்ப்களில் அது வெறும் பொத்தான், யமஹாவின் சிறிய ஆம்ப்களில் (ஏ-எஸ்201, ஏ-எஸ்301) படிப்படியாக மாற்றும் தனிக் குமிழாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறை பலருக்குத் தெரியாது: லவுட்னஸ் குமிழை ஃப்ளாட்டில் வைத்துவிட்டு, நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழாலேயே சத்தத்தைக் குறையுங்கள். அடிப்பக்கம் கரையாமல் சத்தம் மட்டும் இறங்கும். வாடகை வீட்டில் கேட்பவருக்கு இதைவிடப் பயனுள்ள குமிழ் ஆம்ப்பில் கிடையாது என்றே சொல்வேன். பாஸ், ட்ரெபிள் மாற்றும் டோன் கன்ட்ரோலே இல்லாத ஆம்ப்தான் சுத்தமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது தனி வீட்டில் சத்தமாகக் கேட்கிறவர் பேச்சு.

இரண்டாவது, வால்யூம் குமிழ். மலிவான ஆம்ப்களில் குமிழின் ஆரம்பப் பகுதியில் இடது, வலது சமமாக இருக்காது, பாடகர் குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இன்றைய சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி) எல்லாம் 2 வோல்ட் அனுப்புகின்றன, ஆனால் பல ஆம்ப்களுக்கு முழுச் சக்தி கொடுக்க 200 மில்லிவோல்ட் போதும், அதனால் குமிழைக் கடிகாரத்தின் 8 மணி நிலையிலிருந்து சற்றுத் திருப்பினாலே வீடு அதிரும், நீங்கள் எப்போதும் அந்த மோசமான ஆரம்பப் பகுதியிலேயே ஓட்ட வேண்டிவரும். வாங்கும்போது மிக மெதுவாக வைத்து, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்பில் இந்தப் பிரச்சினை என்றால் ஃபோன் அல்லது ஸ்ட்ரீமர் பக்கம் அளவைக் குறைத்து, ஆம்ப் குமிழை 10, 11 மணிக்குக் கொண்டுவாருங்கள், சரியாகிவிடும்.

சரி, எதை வாங்குவது. யமஹா ஏ-எஸ்301தான் என் முதல் சிபாரிசு: 60 வாட், அந்த லவுட்னஸ் குமிழ், டிவிக்கு ஆப்டிகல் உள்ளீடு, ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ, சப்வூஃபருக்கு வெளியீடு. புதிதாகவே உங்கள் பட்ஜெட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம், பழையது என்றால் மிச்சமும் ஆகும். டெனான் பிஎம்ஏ-600என்இ, மராண்ட்ஸ் பிஎம்6006 இரண்டும் 8 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கரில் 45 வாட், ஆப்டிகலும் உண்டு, டெனானில் புளூடூத்தும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஏஎக்ஸ்ஏ35 கிடைத்தாலும் குறையில்லை. பெட்டி சின்னதாக வேண்டும், ஃபோனிலிருந்து நேராக ஸ்ட்ரீம் ஆக வேண்டும், டிவியை எச்டிஎம்ஐயில் இணைக்க வேண்டும் என்றால் வீம் ஆம்ப் பாருங்கள், அதில் ஆப்பிலேயே ஈக்வலைசர் இருப்பதால் மெதுவான சத்தத்துக்குத் தனி செட்டிங் போட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் பின்பக்கத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கான்டன், மாக்னாட், நூபெர்ட் என்று ஜெர்மன் ஸ்பீக்கர்களில் 4 ஓம் சகஜம், ஓம் குறைந்தால் ஆம்ப்புக்குச் சுமை கூடும்.

சீனப் பெட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஃபோசி வி3 மாதிரி டிபிஏ3255 சிப் போட்டவை உண்மையிலேயே சுத்தமான ஒலி தருகின்றன, 100 யூரோவை ஒட்டித்தான் விலை. ஆனால் அந்த 300 வாட் என்பது 4 ஓமில் 10 சதவீத சிதைவோடு சிப் தரக்கூடிய உச்சம். கூட வரும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள், 32 வோல்ட் 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்தான், இரண்டு பக்கமும் சேர்த்து, அதிலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். உங்கள் அறைக்கு அதுவே அதிகம். 400ல் 100ஐ இதற்குக் கொடுத்து மிச்சத்தில் ஸ்பீக்கரை மேம்படுத்தலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதில் எனக்கு மறுப்பே இல்லை, ஏனென்றால் ஒலியில் பெரிய வித்தியாசம் ஸ்பீக்கரால்தான் வரும். அந்தச் சிறிய பெட்டிகளில் பலவற்றில் லவுட்னஸும் டிஜிட்டல் உள்ளீடும் இருக்காது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அப்பாவின் ஆம்ப் விஷயம். மின்சாரம் பிரச்சினையே இல்லை, இந்தியாவிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர், 23 கிலோ பெட்டியில் பாதியை அதுவே தின்றுவிடும், வழியில் அடிபட்டால் போர்டு விரிசல் விடும். சென்னை ரிச்சி தெருவில் எஸ்டிகே ஐசி (ஆம்ப் சிப்) போட்டு அசெம்பிள் செய்த செட் என்றால் பழுதானதும் அதைத் தொட இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி ஆம்ப் விலையைத் தாண்டும். அப்பா இன்னும் கேட்கிறார் என்றால் அங்கேயே இருக்கட்டும், அவருக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வயர் வாங்கிக் கொடுங்கள்.

பழையது வாங்க க்ளைன்அன்சைகன் தளம்தான் இங்கே எல்லோரும் பார்ப்பது. விலை பக்கத்தில் 'ஃபாவ்-பே' என்று இருந்தால் பேரம் பேசலாம். 'பாஸ்ட்லர்', 'ஊன்கெப்ரூஃப்ட்' என்று கண்ணில் பட்டால் கடந்து போங்கள், பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கான சரக்கு அது. நேரில் போய் எடுப்பதே நல்லது. உங்கள் ஃபோனையும் அதை ஆம்ப்பில் இணைக்கும் ஒரு ஆர்சிஏ வயரையும் கொண்டுபோய் அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள்: ஆன் செய்த சில நொடியில் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச்) டக்கென்று விழ வேண்டும், வால்யூமை மெல்லத் திருப்பினால் கரகரக்கக் கூடாது, மிக மெதுவாக வைத்தபோது ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் ரிலே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். எல்லா உள்ளீட்டையும் மாற்றிப் பாருங்கள். ரிமோட் இருக்கிறதா கேளுங்கள். எழுபதுகளின் கிருண்டிக், சாபா எல்லாம் பார்க்க அழகு, ஆனால் பலவற்றில் ஐந்து முள் டின் சாக்கெட்தான், அடாப்டர் தேட வேண்டும், உள்ளே கெப்பாசிட்டரும் வயதானது, முதல் ஆம்ப்பாக அது வேண்டாம்.

நேரில் போக முடியாமல் தபாலில் வாங்கினால் பேபாலில் 'நண்பர்களுக்கு' என்ற வழியில் பணம் அனுப்பாதீர்கள், அதில் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. தனியாள் விற்பனையில் உத்தரவாதம் இல்லை என்று எழுதிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. இணையத்தில் கடையிடம் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பலாம், புதுப் பொருளுக்கு 2 வருடம் சட்டப்படியான பொறுப்பு, பழைய பொருள் என்றால் கடை அதை ஒரு வருடமாகக் குறைக்கலாம். விலை வித்தியாசம் 50, 60 யூரோதான் என்றால் நான் கடையில்தான் வாங்குவேன்.

ஸ்பீக்கர் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு போதும், அலுமினியத்தில் செம்பு பூசியதைத் தவிர்க்கவும். ஸ்பீக்கருக்கு அடியில் ஃபோம் போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு கொஞ்சம் குறையும்.

கான்டன் ஸ்பீக்கரின் பின்பக்கத் தகட்டில் மாடல் பெயரும் ஓமும் போட்டிருக்கும், அதையும் அறையின் நீள அகலத்தையும் எழுதுங்கள், டிவியும் இதில் சேர வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். யமஹாவா வீமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.