ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் பிஸ்டன் பல் அடிக்கடி போகிறது. கியர்பாக்ஸை நாமே பிரித்துப் பாகம் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் புது பிஸ்டனை ஆர்டர் போடுவதற்கு முன்னால், பழையதைக் கையில் எடுத்து எந்தப் பல் போயிருக்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் தானாக உடைவது அபூர்வம். பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதை உடைத்திருக்கும். அது உள்ளேயே இருக்கும்போது எத்தனை பிஸ்டன் மாற்றினாலும் அத்தனையும் போகும்.

நான் டோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபாவில் இருக்கிறேன். பேட்டரியில் ஓடி, குட்டி பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியான மின்சார ஏர்சாஃப்ட் ஜப்பானில் வளர்ந்த பொருள். 1990-களின் தொடக்கத்தில் டோக்கியோ மாருய் நிறுவனம் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கியின் வடிவத்தில் கொண்டுவந்த அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான துப்பாக்கிகளின் வயிற்றுக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸ் பெட்டியை இங்கே மெக்காபாக்ஸ் என்பார்கள். எம்4 வகையில் வருவது வெர்ஷன் 2, ஏகே வகையில் வெர்ஷன் 3. நான் அதிகம் பிரித்தது வெர்ஷன் 2 என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். மோட்டாரின் நுனியில் இருக்கும் குட்டிக் கியரான பினியன் பெவல் கியரைச் சுற்றும், பெவல் ஸ்பர் கியரைச் சுற்றும், ஸ்பர் செக்டர் கியரைச் சுற்றும். செக்டரில் பாதி வட்டத்துக்குத்தான் பல் இருக்கும். அந்தப் பல் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அழுத்தும். பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றை நாசில் என்ற முனைக்குழல் வழியாகத் தள்ளும். குண்டு கிளம்பும். பிஸ்டன் முழுதாக முன்னால் போய்ச் சேர்ந்த பிறகுதான் செக்டரின் முதல் பல் மறுபடி வந்து பிடிக்க வேண்டும். இந்த நேரக் கணக்கு தப்பினால் பல் போகும்.

போன வருஷம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் தன் எம்4-ஐ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, பிஸ்டன் மாத்தி ரெண்டு வாரம்கூட ஆகல, மறுபடி சுத்துது, சுட மாட்டேங்குது" என்றான். பிரித்துப் பார்த்தோம். செக்டர் முதலில் பிடிக்கும் பல் புதிதுபோல இருந்தது. அதைத் தாண்டி நடுவில் நாலு பல் மட்டும் மழமழவென்று வழிக்கப்பட்டிருந்தது. பார்த்ததுமே பேட்டரி என்னவென்று கேட்டேன். 11.1 வோல்ட் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. வேகமாகச் சுட வேண்டும் என்று போட்டிருக்கிறான்.

ஜப்பானில் இது அடிக்கடி நடக்கும். அதற்குக் காரணம் இங்குள்ள சட்டம். 2006-இல் திருத்திய சட்டப்படி 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 0.98 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. 0.2 கிராம் குண்டென்றால் நொடிக்குச் சுமார் 98 மீட்டர். அதனால் இங்கே எல்லாரும் போடுவது மெலிந்த ஸ்பிரிங். மெலிந்த ஸ்பிரிங் பிஸ்டனை மெதுவாகத்தான் முன்னால் தள்ளும். மோட்டாரோ 11.1 வோல்ட்டில் பறக்கிறது. பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போதே செக்டர் ஒரு சுற்றை முடித்துவிட்டு வந்து நடுப்பல்லில் மோதுகிறது. இங்கே அதற்குப் பிஸ்டன் கிராஷ் என்று பெயர். அவனுக்குப் புது பிஸ்டனோடு 7.4 வோல்ட் பேட்டரியும் வாங்க வைத்தேன்.

நடுப்பல் நன்றாக இருந்து, முதலில் பிடிக்கும் பல் மட்டும் மென்று தின்றதுபோல இருந்தால் கதை வேறு. செக்டரின் பல் பிஸ்டன் பல்லின் முகத்தில் முழுதாக உட்காராமல் நுனியில் மட்டும் தொடுகிறது என்று அர்த்தம். சிலிண்டர் ஹெட்டில் தடிப்பான சோர்போத்தேன் ரப்பர் ஒட்டி, பிஸ்டன் ஓய்வாக நிற்கும் இடத்தைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் கோணம் சரியாகும். அப்படித் தள்ளினால் இரண்டாவது பல் குறுக்கே வரும், அதை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கியரின் உயரம் தவறு, ஷிம் என்ற வளையத்தைப் பாருங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிக்கும்போது பேட்டரியையும் மேகசினையும் எடுத்துவிடுங்கள், குழாயில் குண்டு நிற்கிறதா என்று பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் பெட்டியைத் திறக்கவே கூடாது. மோட்டாரைக் கழற்றிய ஓட்டை வழியாக மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் கொக்கியான ஆன்டி ரிவர்ஸ் லாட்ச்சைத் தள்ளினால், பெவல் பின்னோக்கிச் சுற்றிப் பிஸ்டன் விடுபடும். அப்போதும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். திறக்கும்போது பின்பக்க ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டான ஸ்பிரிங் கைடை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரிகர் ஸ்பிரிங், லாட்ச்சின் குட்டி ஸ்பிரிங் இரண்டும் துள்ளி ஓடக்கூடியவை. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் செய்யுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள்.

பழைய கிரீஸை முழுதாக எடுத்த பிறகுதான் எதையும் சோதிக்க முடியும். இரும்புக் கியருக்குப் பார்ட்ஸ் கிளீனர் அடிக்கலாம். பிஸ்டனில் அடிக்காதீர்கள். பாலிகார்பனேட் பிஸ்டன் அந்த மருந்தில் வெடிப்பு விடும், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரே போதும்.

இப்போது ஷிம். கியரின் தண்டில் மேலும் கீழும் போடும் மெல்லிய வளையம், 0.1, 0.15, 0.2, 0.3 மில்லிமீட்டர் தடிமனில் வரும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இதுதான். எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போகும். நான் பெவலில் தொடங்குவேன். வெறும் பெட்டியில் பெவலை மட்டும் வைத்து, கைப்பிடியையும் மோட்டாரையும் மாட்டி, பினியனின் பல் பெவல் பல்லில் முழு அகலத்துக்கும் உட்காருகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். அதன் உயரம் முடிவான பிறகு ஸ்பர், அது பெவலின் தட்டில் உரசாத அளவுக்கு. கடைசியில் செக்டர். ஒவ்வொரு முறையும் பெட்டியை மூடி, எல்லா ஸ்குரூவையும் முறுக்கித்தான் பார்க்க வேண்டும். சும்மா கையால் அமுக்கிப் பார்த்தால் இடைவெளி பொய் சொல்லும். லாட்ச்சும் பிஸ்டனும் இல்லாமல் மூன்று கியரையும் போட்டு மூடிவிட்டு பெவலை விரலால் சுண்டுங்கள். மூன்றும் சேர்ந்து தளர்வாகச் சுற்றிவிட்டு மெதுவாக நிற்க வேண்டும். டக்கென்று நின்றால் ஷிம் அதிகம். இடுக்கியால் தண்டைத் தூக்கிப் பார்த்தால் ஆடுவது விரலுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், 0.1 மில்லிமீட்டர்போல. அதற்கு மேல் லொடலொடவென்று ஆடினால் இன்னொரு வளையம். கியர் தண்டின் முனை உட்காரும் வளையமான புஷ் பெட்டியில் லூசாக இருந்தால் முதலில் அதை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இத்தனை அளவும் வீண்.

அப்புறம் காற்று. சிலிண்டரில் பிஸ்டனைப் போட்டு நாசிலை விரலால் அடைத்து உள்ளே தள்ளுங்கள். காற்று பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பிஸ்டன் ஹெட்டின் ஓ-ரிங்கை மாற்றுங்கள், சிலிண்டர் ஹெட்டில் டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ரப்பர் இருக்கும் இடத்தில் சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் விரலால் தடவித் துடைத்த அளவு. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊத வைக்கும். கியர் பல்லுக்கு மாலிப்டினம் அல்லது லித்தியம் கிரீஸ். நிறையப் பூசினால் அது டிரிகர் காண்டாக்ட் வரைக்கும் தெறித்து, கருகி, ஒருநாள் துப்பாக்கி சுடாமல் நிற்கும். காண்டாக்ட் ஏற்கெனவே கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். லிப்போ போடுகிறவர்கள் டிரிகர் காண்டாக்ட்டுக்குப் பதிலாக மோட்டார் மின்சாரத்தைத் தாங்கும் ஒரு ஃபெட் ஸ்விட்ச் வைத்துவிடுவது நல்லது.

காற்றுக் கசிவைச் சரிசெய்த பிறகு ஒன்று நடக்கும், பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை என்றாலும் குண்டின் வேகம் ஏறும். இதுவரை வீணாகப் போன காற்றெல்லாம் இப்போது குண்டைத் தள்ளுகிறது அல்லவா? தம்பியின் துப்பாக்கி வரும்போது நொடிக்கு 84 மீட்டர் காட்டியது. ஓ-ரிங்கும் நாசிலும் மாற்றியதும் 97. எல்லையை ஒட்டிவிட்டது. இங்கே அளவு மீறிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம், சுட்டால்தான் என்றில்லை. விளையாடும் மைதானங்களிலும் விளையாட்டுக்கு முன் வேகம் அளப்பார்கள். வெயில் நாளில் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஒரு படி மெலிந்த ஸ்பிரிங் போட்டு 91-க்கு இறக்கினோம். நீங்கள் இருக்கும் நாட்டில் எல்லை என்ன, வைத்திருக்கவே அனுமதி உண்டா என்பதைப் பாகம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கையில் ஒரு வேகமானி இல்லாமல் கியர்பாக்ஸைத் திறக்காதீர்கள் என்பேன்.

மூடி மாட்டிய பிறகு மோட்டாரின் உயரம். கைப்பிடியின் அடியில் இருக்கும் ஸ்குரூவைக் கால் திருப்பு, கால் திருப்பாகத் திருகிச் சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்றால் பினியன் விலகி நிற்கிறது. கீச்சென்று முனகி, கைப்பிடி சூடானால் அழுத்துகிறது. நடுவில் ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று மெலியும், அங்கே நிறுத்துங்கள். முதல் இருபது முப்பது ரவுண்டு ஒற்றைச் சுடுதலில் மட்டும்.

ஏழு மாதம் கழித்து தம்பியின் பெட்டியை மறுபடி திறந்தோம். பிஸ்டனில் பதினைந்து பல்லும் அப்படியே இருந்தன. கிரீஸ் மட்டும் கறுத்திருந்தது, மாற்றி மூடிவிட்டோம்.