கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?

மதிப்பிற்குரிய அம்மா,

சேலத்தில் ஒரு கலைக்கல்லூரியில் இந்த ஜூனிலிருந்து துறைத்தலைவராக இருக்கிறேன். பதினாறு வருட சர்வீஸ். துறையில் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் ஆண்கள். கூட்டத்தில் நான் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. அதையே கொஞ்ச நேரம் கழித்து ஒரு சார் சொன்னால் "நல்ல யோசனை" என்கிறார்கள். அழுத்திப் பேசினால் "மேடத்துக்குப் பதவி தலைக்கேறிவிட்டது" என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. தன்மையாகச் சொன்னால் வேலை நடப்பதில்லை. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கோ ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கோ போகலாமா? பெண் தலைமை பற்றி நல்ல புத்தகம் ஏதாவது சொல்வீர்களா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

வகுப்புக்குப் போக வேண்டாம். பதினாறு வருஷம் மைக் இல்லாமல் பாடம் நடத்தியவருக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு? புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம். அழுத்தமா தன்மையா என்ற கேள்வி ஆண் துறைத்தலைவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. நீங்கள் மட்டும் ஏன் அதைச் சுமக்கிறீர்கள்? ஸ்டாஃப் ரூம் பேச்சையும் விடுங்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பேசுவார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியது ஒன்றுதான், அது இல்லை. உங்கள் துறைக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது யார்? கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன்.

பெரும்பாலும் அது வயதில் இளைய பெண் ஆசிரியர் தலையில்தான் விழும். "உங்க கையெழுத்து நல்லா இருக்கும்மா" என்று நோட்டை நீட்டுவார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருப்பவரால் பேச முடியாது. நிமிர்வதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போயிருக்கும். தலைமை தாங்கிக்கொண்டே நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் இரண்டும் கெடும். முதலில் முறை வையுங்கள். எட்டுப் பேரும் மாறி மாறி எழுதட்டும், மூத்த சார் உட்பட. முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் கல்லூரிகள் கோட்டைவிடுகின்றன. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்றதும் ஐந்து வருஷத்து மினிட்ஸை ஒரே வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அதைப் போலக் கேடு வேறில்லை. அந்த நோட்டில் "விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. யார் முன்மொழிந்தார், யார் மறுத்தார், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செலவு எந்தக் கணக்கில்? இந்த ஐந்தும் இல்லாதது தீர்மானமே அல்ல. உங்கள் யோசனை இன்னொருவர் பெயருக்குப் போவதும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

ஓட்டையை அடைக்கலாம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு போகட்டும், நிகழ்ச்சி நிரலோடு. ஒவ்வொரு பொருளுக்கும் அரைப் பக்கக் குறிப்பு வேண்டும்: இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, கூட்டத்திடம் கேட்கும் முடிவு எது. அடியில் எழுதியவர் பெயர். மூன்றாம் பொருள் உங்களுடையது என்று எட்டுப் பேர் கையிலும் முன்கூட்டியே தாள் இருக்கும்போது, கூட்டத்தில் யார் அதைத் திருப்பிச் சொன்னாலும் அது உங்களுடையதுதான். ஐந்து பொருளுக்கு மேல் வைக்காதீர்கள். பத்து வைத்தால் கடைசி ஐந்தும் டீயோடு முடிந்துவிடும்.

முதல் பொருள் எப்போதும் முந்தைய தீர்மானங்கள் மீது எடுத்த நடவடிக்கை. இதை ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். செய்யாதவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் பெயரையும் அவர் ஒப்புக்கொண்ட தேதியையும் வாசித்துவிட்டு, புதிய தேதி கேளுங்கள். குரலை உயர்த்தாமல் வேலை வாங்க எனக்குத் தெரிந்த வழி இது.

கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் வரைவு எல்லோருக்கும் போக வேண்டும். திருத்தம் சொல்ல மூன்று நாள், அதுவும் எழுத்தில். பிறகு கையெழுத்து. ஒரு நகலைக் கல்லூரி முதல்வர் அலுவலகத் தபாலில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட்டதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடத்திட்டக் குழுவில் ஒருவர் "எனக்குத் தெரியவே தெரியாதே" என்றால் கைபேசியையா நீட்டுவீர்கள்?

முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1927-இல். சட்டமானது 1947-இல். இடையில் இருபது வருஷம். அதற்குப் பிறகும் அது யார் தொடங்கிய காரியம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை என்றால், அவர் பேச்சு மட்டும் காரணமல்ல, சபைக் குறிப்பில் அது அவர் பெயரில் நின்றதும் காரணம்.

இதே கண்டிப்பை உங்களுக்குக் கீழே இருக்கும் பெண்களுக்காகவும் காட்டுங்கள். விழா வரவேற்பு, விடுதிப் பிள்ளைகளின் பிரச்சினை, நாக் கோப்பு எல்லாம் அவர்களிடம் வாய்வார்த்தையாகவே வந்து சேர்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பதவி உயர்வு மதிப்பீட்டில் ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்புகளும், தேர்வுப் பணியும், மாணவர் சார்ந்த பணிகளும் கணக்கில் வரும். ஆணை இல்லாமல் செய்த வேலையை எதை வைத்து நிரூபிப்பது? பெயர், பொறுப்பு, காலம் மூன்றும் எழுதி, முதல்வர் கையெழுத்தோடு ஆணை வாங்கிக் கொடுங்கள். அந்தப் பெண் கேட்கமாட்டார், கேட்கக் கூச்சப்படுவார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கூட்டத்தை நான்கரைக்கு வைக்கும் வழக்கம் உங்கள் துறையிலும் இருந்தால் இந்த மாதமே நிறுத்துங்கள். ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வந்து போகிறவர்கள் ஐந்து மணிக்கே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஏற்காட்டுக்காரர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர வேண்டும். அவர்கள் எழுந்து போன பிறகுதான் யாருக்கு எந்தப் பாடம், யாருக்குத் தேர்வுப் பணி என்பதெல்லாம் முடிவாகும். மறுநாள் கேட்டால் "நீங்கதான் கிளம்பிட்டீங்களே" என்று பதில் வரும். அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போடும்போதே வாரத்தில் ஒரு மணி நேரத்தை எட்டுப் பேருக்கும் காலியாக விடுங்கள், பிற்பகல் இரண்டு மணி என்றால் நல்லது. இந்தப் பருவம் முடியும்வரை, கூட்ட நாளில் அந்த நேரத்து வகுப்புகளை வேறு நாளுக்கு மாற்றி, அந்த மாற்றத்தையும் கூட்ட அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.