கடலுக்கு வாங்க, அதற்கு முன்னால் அப்பா டியூப்பில் ஊற்றப் பழகட்டும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூளை முடக்குவாதம். தானாக உட்கார முடியாது, வயிற்று டியூப் வழியாகத்தான் சாப்பாடு, ஃபிட்ஸுக்கு மருந்து ஓடுகிறது, சளி கட்டினால் மெஷின் வைத்து எடுக்க வேண்டும். மூத்தவளுக்கு 12 வயது. கடலையே பார்த்ததில்லை, ராமேஸ்வரம் போகலாம் என்று நச்சரிக்கிறாள். "அவனை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்கிறார் மாமியார், ஆனால் அவருக்கு டியூப்பில் ஊற்றத் தெரியாது, என் கணவருக்கும் பயம். எல்லாரும் சேர்ந்து வருவது நடக்கிற காரியமா?
- வாசகி, கரூர்

பதில்: நடக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது கடல் இல்லை, "என் கணவருக்கும் பயம்" என்ற அந்த ஒரு வரிதான். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் ஊற்றுகிறீர்கள், நீங்கள் ஒருவர்தான் சளி எடுக்கிறீர்கள் என்றால், எங்கள் ராமநாதபுரம் பக்கம் வந்தும் அதையேதான் செய்யப்போகிறீர்கள், அதுவும் மிக்சி இல்லாத, பழக்கமில்லாத ஒரு லாட்ஜ் அறையில். அதற்குப் பெயர் டூர் இல்லை. அதனால் ரூம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை: நீங்கள் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொள்ள, அவர் ஊற்றட்டும், சளி எடுக்கட்டும், ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்கட்டும். அவருக்குக் கை நடுங்காத அளவு பழகிய பிறகு தேதி குறியுங்கள்.

தேதி என்றதும் மே மாதம் நினைக்காதீர்கள். பள்ளி லீவு என்பதைத் தவிர அந்த மாதத்துக்கு வேறு பெருமை கிடையாது. டோபிராமேட் மாதிரியான சில ஃபிட்ஸ் மருந்துகள் குழந்தைகளுக்கு வியர்வையைக் குறைத்துவிடும், உடம்புச் சூடு இறங்காது, சூடு ஏறினால் ஃபிட்ஸும் வரலாம். உங்கள் மகன் எந்த மருந்தில் இருக்கிறான் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழையும் புயலும். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்ல காலம், தை அமாவாசையை ஒட்டி மட்டும் வேண்டாம், அன்றைக்கு ராமேஸ்வரத்தில் நடந்து போகவே இடம் இருக்காது. மகளுக்கு இரண்டு நாள் லீவு போடுங்கள், ஒன்றும் குடி முழுகிப் போகாது.

எங்கே தங்குவது? எல்லாரும் ராமேஸ்வரம் என்பார்கள். நான் ராமநாதபுரம் டவுன் என்பேன். ராமேஸ்வரம் தீவு, வண்டிக்கு ஒரே ரோடு பாலம், லீவு நாளில் பாம்பன் பாலத்து மேலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம் வேறு. ராத்திரி ஒரு மணிக்கு ஃபிட்ஸ் நிற்கவில்லை என்றால் ராமேஸ்வரத்திலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ராமநாதபுரத்தில்தான், சுமார் 55 கிலோமீட்டர். டவுனில் தங்கினால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம். ரூம் கேட்கும்போது ஏசி இருக்கா என்பதை விட ஜெனரேட்டர் இருக்கா, தரைத்தளமா, கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கா என்று கேளுங்கள். கரண்ட் போனால் சளி மெஷின் நிற்கும், பேட்டரி உள்ளதோ காலால் மிதிக்கிறதோ ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் எங்கள் பக்கம் பல இடத்தில் உப்பு. கஞ்சி கரைக்க, டியூப் கழுவ, கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தது.

டியூப் விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். வயிற்று டியூப் கழன்று விழுந்தால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். அதே அளவில் மாற்று டியூப் ஒன்று கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. விழுந்தால் என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஃபிட்ஸ் 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் அதே பையில். அதற்கும் அடங்கவில்லை என்றால் யோசிக்காமல் 108. வண்டி ஓடும்போது ஊற்ற வேண்டாம், நிறுத்தி, தலையை உயர்த்தி வைத்து, ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது கழித்துக் கிளம்புங்கள். ஆறு மணி நேரப் பயணம் ஒன்பது மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இனி கடல். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குக் காலையில் போங்கள். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் பொதுவாக அலை குறைவு, சவுக்கு நிழல் உண்டு. சக்கர நாற்காலி மணலில் புதையும், இழுத்துப் போராடாமல் பையனைத் தூக்கிப் பாயில் படுக்கவையுங்கள், தலைமாட்டில் நனைத்த துண்டு. மத்தியானத்துக்குள் ரூம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீங்களும் மகளும் மட்டும் தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை வரை போய்விட்டு வாருங்கள், அப்பாவும் பையனும் ரூமில். ஆமாம், நீங்கள்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் தனியாகக் கிடைத்து எத்தனை வருடம் ஆகிறது?

பையனும் தனுஷ்கோடி பார்க்கட்டும் என்றால் இன்னொரு நாள் காரிலேயே போகலாம், இரண்டு பக்கமும் கடல், கண்ணாடியை இறக்கினால் காற்று முகத்தில் அடிக்கும். மணலும் சேர்ந்துதான் அடிக்கும், டியூப் வாயைத் துணியால் மூடிவிடுங்கள்.

ரயிலில் வருவதானால் ரயில்வேயின் மாற்றுத்திறனாளி சலுகை அட்டையை முதலில் வாங்குங்கள். துணையின்றிப் பயணிக்க முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கும் அதே.

கேள்வி: அதே கடிதத்தில் அவரே கேட்டது: ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தத்திலும் பையனைக் குளிப்பாட்டி, ஏர்வாடி தர்காவிலும் ஒரு ராத்திரி தங்கினால் சரியாகும், அதுவரை மருந்தை நிறுத்து என்கிறார் பெரியம்மா. என்ன சொல்வது?

பதில்: ஏர்வாடிக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள், நீங்களும் போய் வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஃபிட்ஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. தீர்த்தத்தில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள், வாய்க்குள் போகிற தண்ணீரை ஒழுங்காக விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகலாம், தரையும் வழுக்கும். ஒரு சொம்பில் வாங்கி நெற்றியில் தெளியுங்கள். பெரியம்மாவுக்கு அவ்வளவு ஆசை என்றால் 22லும் அவர் குளிக்கட்டும்.