ஆமிஷ் ஊரில் ஒரு சனிக்கிழமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன சனிக்கிழமை நண்பர்கள் சிலர் எடிசனிலிருந்து கிளம்பி, பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம், பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் கிராமங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். ரூட் 30 சாலையோரக் கடைகளிலேயே பாதி நாள் போய்விட்டது. அப்புறம் வயலோரத்தில் ஒரு சின்ன அறைக்குள் நின்று ஆமிஷ்காரர் ஒருவர் போனில் பேசுவதைப் பார்த்தோம். ஒரு குடும்பம் வாடகை வேனிலிருந்து இறங்கியது. “கார் வாங்க மாட்டார்கள், ஆனால் ஏறுவார்களாம். எல்லாம் சுற்றுலாவுக்குப் போடும் வேஷம்” என்றான் நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு அந்த ஊர் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன பார்க்கிறீர்கள்?

ஆர்.,
நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் கண்ணால் பார்த்த இரண்டும் உண்மை. வேஷம் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆமிஷ் மக்கள் இயந்திரத்தை வெறுப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் அங்கே எல்லாமே முரணாகத்தான் தெரியும். அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. இந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தால் குடும்பமும் அக்கம்பக்கமும் என்ன ஆகும்? லான்காஸ்டரில் 1910 வாக்கிலேயே போன் வீட்டுக்குள் கூடாது என்று முடிவாயிற்று. ஆனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், வியாபாரம் பேச வேண்டும். ஆகவே வயலோரத்தில் ஒரு சிறு அறை, பல குடும்பங்களுக்குப் பொதுவாக. பேச வேண்டியவர் எழுந்து நடந்து போகிறார். சாப்பாட்டு மேசையில் மணி அடிப்பதில்லை.

காரும் அப்படித்தான். தேவைக்கு ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. குதிரை போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள்ளேயே சபை, சொந்தபந்தம், வேலை எல்லாம் அமைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாகத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு சபையில் 25 முதல் 40 குடும்பங்கள் இருக்கும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. பெஞ்சுகளை ஏற்றிய வண்டி ஒன்று வீடு வீடாகப் போகும். களஞ்சியம் எரிந்துபோனால் அந்தப் பெஞ்சுகளில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள்தான் வந்து கட்டிக்கொடுக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு வரி எங்களுக்கு வேண்டாம், எங்கள் முதியவர்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு, சுயதொழில் செய்பவர்களுக்கு 1965-இல் சட்டப்படி விலக்கும் வாங்கினார்கள். யாரோ பார்ப்பதற்காக இத்தனையும் செய்ய முடியுமா?

வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் கோவேறு கழுதைகள் இழுத்துப் போவதை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நெடுநேரம் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் மேலேயே ஒரு பெட்ரோல் எஞ்சின் படபடவென்று ஓடுகிறது. வைக்கோலை அழுத்திக் கட்டுவது எஞ்சின், வயலில் நகர்த்துவது கழுதைகள். டிராக்டர் இருந்தால் அதைக் கொட்டிலோடு நிறுத்திவிடுவார்கள், வயலில் இறக்குவதில்லை. ரப்பர் டயர் போட்டால் அதையே சாலையில் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகத் தோன்றும் என்பதால் சக்கரமும் இரும்புதான். கழுதையை வைத்து உழ முடிகிற அளவுக்குத்தான் நிலம், அதனால் பண்ணைகள் சின்னதாகவே இருக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரரின் வீடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு இயந்திரத்தைப் பார்த்தாலே எதற்குச் சரி சொன்னார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது புரிந்துவிடும்.

எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யோடர் வழக்கில் அதை அவர்களுடைய மத உரிமை என்று ஏற்றுக்கொண்டது. பெற்றோரின் உரிமை சரி, மருத்துவம் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? பெரியவர்களான பிறகு தாங்களே விரும்பித்தான் ஞானஸ்நானம் வாங்குகிறார்கள். ஆனால் வாங்கிய பிறகு விலகினால் சொந்த வீட்டிலேயே ஒதுக்கிவைக்கப்படலாம். அத்தனை நெருக்கமான வாழ்க்கைக்கு இந்த விலையும் இருக்கிறது. ஊர் அழகாக இருக்கிறதே என்று அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை ரூட் 30-ஐ விட்டுவிட்டு 340-இல் பேர்ட்-இன்-ஹேண்ட் வரை போங்கள். அங்கிருந்து எந்தக் கிளைச் சாலையில் திரும்பினாலும் சரி. முன்னால் சாம்பல் நிறக் குதிரை வண்டி போனால் ஹார்ன் அடிக்க வேண்டாம், குதிரை மிரளும். மதியத்துக்கு மேல் ஸ்ட்ராஸ்பர்க் ரயிலில் ஏறுங்கள். 1832-இல் தொடங்கிய நிறுவனம், நீராவி எஞ்சின். பாரடைஸ் வரை வயல்களுக்கு நடுவே போய்த் திரும்ப முக்கால் மணி நேரம்தான், நண்பர்களோடு சும்மா பேசிக்கொண்டே போக நல்ல இடம். வெல்லப்பாகில் செய்யும் ஷூஃப்ளை பை என்ற இனிப்பைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், ஆமிஷ் கடைகள் மூடியிருக்கும். யாரையும் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது. வீட்டு வாசலில் தக்காளியும் ஜாமும் வைத்து விற்பார்கள். சில இடங்களில் ஆளே இருக்க மாட்டார், காசு போட ஒரு பெட்டி மட்டும் இருக்கும். அதனால் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்