நீர்க்கடிகாரங்கள் நேரத்தை அளந்த விதம்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): பாத்திரத்தில் துளையிட்டு நீரை வடியவிட்டு நேரம் அறிந்தார்கள் என்று படித்தேன், ஐயா. நீர் குறையக் குறைய ஓட்டமும் தளருமே, அளவு எப்படிச் சரியாக இருந்தது?

பதில்: நீர்க்கடிகாரத்தின் அடிப்படைச் சிக்கலே அதுதான். துளை வழியே நீர் வெளியேறும் வேகம், அதற்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே, செங்குத்தான சுவர் கொண்ட பாத்திரம் ஒன்று முழுவதும் வடிய ஒரு மணி நேரம் ஆகுமானால், முதல் அரை மணியிலேயே முக்கால் பாகம் வடிந்துவிடும். எஞ்சிய கால் பாகத்துக்கு இன்னோர் அரை மணி வேண்டும். இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி இந்த விதியை வகுத்தது 17ஆம் நூற்றாண்டில். எகிப்தியர்களோ அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாய் அகன்று அடி குறுகிய பாத்திரத்தைச் செய்துவிட்டார்கள். மேலே நீர் விரைந்து வடிந்தாலும் அங்கே பாத்திரம் அகலமாக இருப்பதால், மட்டம் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கும்.

கர்னாக் கோயிலில் 1904இல் கிடைத்த, எகிப்திய அரசர் மூன்றாம் அமென்ஹோட்டெப் காலத்துக் கல் பாத்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் உட்சுவரில் 12 மாதங்களுக்கும் தனித்தனியே அளவுக் குறிகள் இருக்கின்றன. எகிப்தியர்கள் இரவை எப்போதும் 12 பங்காகவே பிரித்தார்கள். இரவு நீளும் மாதத்தில் ஒவ்வொரு பங்கும் நீண்டது. அந்த வேறுபாட்டையும் கல்லிலேயே செதுக்கி வைத்த கவனம் என்னை வியக்க வைக்கிறது.

கேள்வி (வழக்கறிஞர்): ஏதென்ஸ் நீதிமன்றங்களில் வாதிடும் நேரத்தை நீரால் அளந்தது உண்மையா?

பதில்: உண்மை. அங்கே கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டு மண்பானை ஒன்று சுமார் 6.4 லிட்டர் கொள்ளும். அது வடிய ஏறத்தாழ 6 நிமிடம் ஆகும். இரு தரப்புக்கும் ஒரே அளவு கிடைத்தால் போதும் என்பதால், ஓட்டம் சீராக இல்லாதது அங்கே குறையாகவில்லை. சாட்சியங்களையும் சட்டங்களையும் வாசிக்கும்போது துளையை அடைத்து வைத்ததும் உண்டு.

கேள்வி (பொறியாளர்): ஓட்டத்தையே சீராக்க யாரும் முயலவில்லையா?

பதில்: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிரேக்கப் பொறியாளர் டெசிபியஸ் அதைச் செய்தார். ஒரு தொட்டியை எப்போதும் நிரம்பி வழியவிட்டால் நீர்மட்டம் மாறாது, மட்டம் மாறாவிட்டால் துளையின் ஓட்டமும் மாறாது. அந்த நீர் விழும் கலத்தில் ஒரு மிதவை உயர்ந்து நேரத்தைக் காட்டும். சீனர்கள் பல தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கினார்கள்; 1316இல் குவாங்சோவில் செய்த நான்கு கலங்கள் இன்றும் இருக்கின்றன. ஆயினும் குளிரில் நீரின் பாகுத்தன்மை கூடுவதால், நுண்ணிய துளையில் ஓட்டம் மந்தப்படுவதை இந்த ஏற்பாட்டால் தடுக்க இயலாது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): நம் நாட்டு நாழிகை வட்டில் இவற்றில் எந்த வகை?

பதில்: எதுவும் இல்லை, தனி வகை. அடியில் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். நீர் உள்ளே ஏறி, 24 நிமிடத்தில், அதாவது ஒரு நாழிகையில், கிண்ணம் மூழ்கும். அதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட வேண்டும். ஓர் இரவும் பகலும் சேர்ந்தால் 60 முறை. இங்கே ஓட்டம் சீராக இருக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக மூழ்கினால் போதும், எண்ணிக்கையே நேரமாகிவிடுகிறது. எளிமையில் இதற்கு இணையான கருவி வேறில்லை என்பேன். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டு, நாழிகைக் கணக்கர் அரசனுக்கு நேரம் அறிவிக்கும் நீர்க்கருவியைக் 'குறுநீர்க் கன்னல்' என்கிறது. ஈரானிலும் நிலத்தடிக் கால்வாய் நீரை உழவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள, இதே மூழ்கும் கிண்ணம் 20ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டது.