கேளுங்கள், சொல்கிறேன்: ‘குவிட்’ பண்ணினால் ஈ.ஐ. (வேலைக் காப்புறுதிக் காசு) கிடைக்காதா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இணுவிலைச் சேர்ந்தவள். கணவரின் ஸ்பொன்சரில் கனடா வந்து மூன்று வருடம். ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் இரண்டு வருடம் முழுநேரம் வேலை செய்தேன். மணித்தியாலத்துக்கு 18 டொலர். இவர் லொறி மெக்கானிக். எட்மன்டனில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்து ஓகஸ்டில் போய்விட்டார். வாடகை ஒப்பந்தம் செப்டெம்பர் கடைசிவரை இருந்ததால் நானும் நாலு வயது மகனும் பிறகுதான் வந்தோம். இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்துத்தான் விலகினேன். அது நடந்து மூன்று கிழமை ஆகிறது. வேலையை விட்டவருக்கு முதலாளி கொடுக்கும் பதிவுப் பத்திரமான ஆர்.ஓ.இ.யில் காரணம் என்ற இடத்தில் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. தானாக வேலையை விட்டவர்களுக்குப் போடும் எழுத்தாம் அது. “ஒரு சதமும் வராது” என்கிறார் மைத்துனர். மச்சாளோ, “சூப்பர்வைசரைப் பிடித்து லே ஓஃப் என்று மாற்றி எழுதுவி” என்கிறா. அந்த மனுசன் நல்லவர், கேட்டால் செய்வார். கேட்கவா? அதோடு, ஈ.ஐ. எடுத்தால் பின்னுக்கு அம்மாவை ஸ்பொன்சர் பண்ண இடைஞ்சல் வருமா?

– வாசகி, எட்மன்டன்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது நீங்கள் வேலையை விட்ட திகதியைத்தான். கடைசி வேலைநாளில் இருந்து நாலு கிழமைக்குள் ஈ.ஐ. விண்ணப்பம் போட வேண்டும். பிந்தினால் இடையில் போன கிழமைகளின் காசு போய்விடலாம். இந்த இதழ் அச்சாகி எட்மன்டன் வந்து சேரும்வரை அந்த நாலு கிழமை நமக்காக நிற்காது. அதனால்தான் அன்றிரவே உங்களுக்குத் தனியாக எழுதி, முதலில் விண்ணப்பத்தைப் போடச் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருந்துகொண்டு, கேட்கக் கூச்சப்படும் ஆட்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

மச்சாள் சொன்ன வழியை விட்டுவிடுங்கள். நல்ல மனதோடு சொல்லியிருப்பா, அது வேறு. ஆனால் உங்கள் இடத்துக்கு அடுத்த கிழமையே தொழிற்சாலை புதிய ஆளை எடுத்திருக்கும். வேலை குறைந்து உங்களை நிறுத்தியதாக எழுதிய கடதாசி அப்போது என்னவாகும்? பிடிபட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு மேல் தண்டம் வரும், அடுத்த முறை ஈ.ஐ. எடுக்கக் கூடுதல் மணித்தியாலம் கேட்பார்கள். அந்த நல்ல மனுசனின் கொம்பனிக்கும் தண்டம் விழும். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், உங்களுக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. உண்மையைச் சொன்னாலே வழி இருக்கிறது.

‘ஈ’ என்ற எழுத்து நீங்கள் தானாக விட்டீர்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டு முடிவெடுப்பது ஈ.ஐ.யைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடா. நியாயமான காரணம் இல்லாமல் விட்டவருக்குத்தான் ஈ.ஐ. மறுக்கப்படும். எவையெல்லாம் நியாயமான காரணம் ஆகலாம் என்று வேலைக் காப்புறுதிச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதலாவது, வேலைத்தலத்தில் பாலியல் தொல்லை போன்ற துன்புறுத்தல். இரண்டாவது உங்களுடையது: வாழ்க்கைத்துணையோடு, அல்லது தங்கி வாழும் பிள்ளையோடு, வேறு இடத்துக்குக் குடிபோக வேண்டிய கடப்பாடு. சட்டத்தில் அச்சடித்தே இருக்கிற காரணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் பொய்க்காரணம் தேடுகிறீர்கள்!

எனக்கு இது இவ்வளவு உறைப்பதற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. 1994இல் மொன்றியலில், சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. நான் மெஷினை நிற்பாட்டி, கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு முதல் வருடம், 1993இல்தான், காரணம் இல்லாமல் விட்டால் சில கிழமைகளை வெட்டுகிற பழைய முறை போய் முழுதாகவே இல்லை என்று சட்டம் இறுகியிருந்தது. தொழிற்சாலை முழுக்க அதே கதைதான்: “குவிட் பண்ணினால் ஒன்றும் கிடையாது.” கதையின் மற்றப் பாதியை, கணவரோடு குடிபெயர்ந்தால் அது நியாயமான காரணம் என்பதை, ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாரிகாலம் முழுக்க ஒரு சம்பளத்தில் இழுத்தோம். பிறகு ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, பயிற்சி வகுப்பில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அது தர்மக்காசு இல்லையே, தங்கச்சி. 2025இல் ஒவ்வொரு 100 டொலர் சம்பளத்துக்கும் 1.64 டொலர் வெட்டினார்கள். உங்கள் சம்பளத்துக்குக் கிழமைக்கு 12 டொலர் அளவில் நீங்களே கட்டியிருக்கிறீர்கள். முதலாளி அதற்கு மேல் கட்டியிருக்கிறார்.

சரி, பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வேலையை விடுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். உங்கள் கையில் அதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அவருக்கு வந்த வேலைக் கடிதம், ஸ்காபரோ வாடகை ஒப்பந்தம், எட்மன்டன் வாடகை ஒப்பந்தம், விமானச் சீட்டு, நீங்கள் கொடுத்த முன்னறிவித்தல். அவர் ஓகஸ்டில் போய் நீங்கள் செப்டெம்பர்வரை வேலை செய்தது மிக நல்லது. அவர் போகுமுன்பே வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்திருந்தால், “ஏன் இவ்வளவு முந்தி விட்டீர்கள்?” என்ற கேள்வி வந்திருக்கும். எட்மன்டனில் அந்தத் தொழிற்சாலைக்குக் கிளை உண்டா, மாற்றம் கேட்டீர்களா என்றும் கேட்பார்கள். கிளை இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரியில் சொல்லுங்கள். வரமுதலே அங்கே வேலை தேடியிருந்தால் அந்த மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று மட்டும் எழுதுகிற பழக்கம் நம்மவர்களுக்கு இருக்கிறது. கௌரவமாக எழுதுகிறோம் என்று நினைப்பு. அதை வாசிக்கிற உத்தியோகத்தருக்கு ஒன்றும் விளங்காது. கணவருக்கு இந்தத் திகதியில் இந்த நகரத்தில் வேலை, இந்தத் திகதியில் குடிபெயர்ந்தோம், அதற்காக விட்டேன் என்று நேராக எழுதுங்கள்.

பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதீர்கள். இங்கேதான் எத்தனையோ தாய்மார் வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். “நாளைக்கு வேலை வந்தால் போவீர்களா?” என்று கேட்பார்கள். “மகனைப் பார்க்க ஆள் இல்லையே” என்று நாங்கள் மனம்விட்டுக் கதைத்துவிடுவோம். அந்த ஒரு வசனத்தில் நீங்கள் வேலைக்குத் தயாராக இல்லாதவர் ஆகிவிடுவீர்கள், விட்ட காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் காசு நிற்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. முதலில் மகனுக்கு டே கெயரோ, நம்பிக்கையான ஒரு ஆளோ ஒழுங்கு பண்ணுங்கள். பண்ணிய பிறகு அதைச் சொல்லுங்கள். எங்கெங்கே வேலை கேட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையையும் மறக்கக் கூடாது.

காசுக் கணக்கு இப்படி. கிழமைக்கு 720 டொலர் உழைத்திருக்கிறீர்கள், அதில் 55 வீதம், அதாவது 396 டொலர், வரி கழிக்குமுன். (2025இல் கிழமைக்கு உச்சவரம்பு 695 டொலராக இருந்தது.) வழக்கமாக முதல் ஒரு கிழமைக்குக் காசு இல்லை. தகுதி பெற, இருக்கும் இடத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வேண்டும். ஒரு வருட முழுநேர வேலையிலேயே நீங்கள் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டீர்கள். எத்தனை கிழமைக்குக் கிடைக்கும் என்பதும் மணித்தியாலத்தையும் அந்த வீதத்தையும் பொறுத்தது, 14 முதல் 45வரை. ஸ்காபரோவில் உழைத்தாலும், விண்ணப்பிக்கும்போது குடியிருக்கும் எட்மன்டனின் வீதத்தைத்தான் பார்ப்பார்கள். மாகாணம் மாறியதால் உரிமை போகாது, இது மத்திய அரசின் திட்டம்.

மறுத்துக் கடிதம் வந்தால் அழுதுகொண்டு லாச்சிக்குள் வைக்க வேண்டாம். மறுத்ததை அப்படியே விட்டால் அந்த வேலையில் சேர்த்த மணித்தியாலங்களும் அடுத்த ஈ.ஐ.க்கு உதவாமல் போய்விடும். 30 நாளுக்குள் மீள்பரிசீலனை கேளுங்கள். அதிலும் இல்லை என்றால் இன்னொரு 30 நாளுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, தொலைபேசியிலேயே விசாரிப்பார்கள்.

அம்மாவின் விஷயம். ஈ.ஐ. வேறு, வெல்ஃபெயர் (அரச உதவிப்பணம்) வேறு. வெல்ஃபெயர் எடுக்கும்போது ஸ்பொன்சர் பண்ண முடியாது, ஈ.ஐ.க்கு அந்தத் தடை இல்லை. உங்களை ஸ்பொன்சர் பண்ணிய கணவர் அதைத் திருப்பிக் கட்டவும் தேவையில்லை. ஆனால் ஒரு நுணுக்கம்: பெற்றோரை எடுக்க வருமானம் காட்டும்போது இந்த வழக்கமான ஈ.ஐ. காசு வருமானக் கணக்கில் சேராது. மகப்பேறு, நோய் போன்றவற்றுக்குக் கிடைக்கும் விசேட கொடுப்பனவு சேரும். ஆகவே இந்த வருடம் உங்கள் பக்க வருமானம் கொஞ்சம் மெலிவாகத் தெரியும். கணவர் சேர்ந்து கையெழுத்து வைத்தால் அவருடைய புதுச் சம்பளம் அதைத் தாங்கக்கூடும்.

•

மேடம், நான் கோயம்புத்தூர். பிராம்ப்டனில் ஒரு வேர்ஹவுசில் வேலை. மனைவி இங்கே படித்து முடித்தவர், ரெஜைனாவில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. நான் அவரோடு போக அடுத்த மாதம் வேலையை விடப்போகிறேன். என்னிடம் இருப்பது ஓப்பன் வேர்க் பெர்மிட் மட்டும்தான். பெண்டாட்டி பின்னால் போகிற ஆணுக்கு இதெல்லாம் கொடுப்பார்களா என்று ரூம்மேட் சிரிக்கிறான்.

– வாசகர், பிராம்ப்டன்

தம்பி, சட்டத்தில் இருக்கிற சொல் வாழ்க்கைத்துணை. அதற்கு மீசை உண்டா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ரூம்மேட்டின் வாடகைப் பங்கைச் சரியாக வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), தற்காலிகமாக இருப்பவர்களுடையதுபோல, 9இல் தொடங்கும், அதுவும் தடை இல்லை. ஈ.ஐ. கட்டுப்பணத்தை உங்களிடமும்தானே வெட்டினார்கள். பார்க்க வேண்டியது பெர்மிட்டின் முடிவுத் திகதியை. பெர்மிட் செத்துவிட்டால் நீங்கள் வேலைக்குத் தயார் என்று சொல்ல முடியாது. முடியுமுன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்து, அந்த ரசீதைக் கையில் வைத்திருங்கள். ஓப்பன் பெர்மிட் என்பதால் எந்த முதலாளியிடமும் போகலாம், அது உங்கள் பலம். ஒரே முதலாளியின் பெயர் போட்ட பெர்மிட் வைத்திருப்பவருக்கு இதே பதிலை நான் சொல்ல மாட்டேன். அவருடைய கதை சிக்கலானது.

நீங்கள் இன்னும் வேலையை விடவில்லை என்பது நல்லது. இன்றைக்கே மனேஜரிடம் ரெஜைனாவுக்கோ அருகிலோ மாற்றம் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. இங்கிருந்தபடியே ரெஜைனா வேலைகளுக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள்.

•

அக்கா, மாப்பிள்ளை வன்கூவர், நான் மார்க்கம். கலியாணம் தை மாதம். ஐப்பசியிலேயே வேலையை விட்டுவிட்டு அங்கே போய் வீடு பார்க்க நினைக்கிறேன். ஈ.ஐ. எடுக்கலாமா?

– வாசகி, மார்க்கம்

பிள்ளை, இப்போது அவர் உங்களுக்கு மாப்பிள்ளை. சட்டம் கேட்பது எழுத்து (கலியாணப் பதிவு) முடித்த கணவரை, அல்லது ஒரு வருடமாவது தம்பதிபோலச் சேர்ந்து வாழ்ந்தவரை. ஒரு வருடத்துக்குக் குறைவாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அது பிள்ளை பிறந்தவர்களுக்கும் பிறக்க இருப்பவர்களுக்கும். ஐப்பசியில் விட்டால் கலியாணத்துக்கு மூன்று மாதம் முந்தி ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு, வீடு பார்க்க என்ற பதில் நிற்காது. வீட்டை மாப்பிள்ளை பார்க்கட்டும், படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். எழுத்தை முடித்து, போகும் திகதிக்குக் கிட்டவாக முன்னறிவித்தல் கொடுங்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வரக் கொஞ்ச நாள் எடுக்கும். ஆகவே தாலி கட்டுகிற நாளுக்கு முந்தியே எழுத்தை வைக்க ஐயா அம்மாவோடு கதைத்துப் பாருங்கள். மண்டபம் பதிந்தாயிற்று என்பார்கள். எழுத்துக்கு மண்டபம் தேவையில்லை.